வீடு மாறும் நிரல்கள்

ஓர் அலுவலகத்தில் பழைய கணிப்பொறியை அகற்றிவிட்டுப் புதிதாக வேறொரு வகைக் கணிப்பொறியை வாங்கி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களின் ஊதியக் கணக்கு முழுவதும் பழைய பொறியில் இருக்கிறது. அதைக் காந்த நாடாவில் எடுத்துப் புதிய பொறியில் ஏற்றுகிறார்கள். நாடாவில் கீறல் இல்லை. ஒரு பிட் கூடக் கெடவில்லை. ஆனால் மாதம் 1,000 ரூபாய் பெறும் ஊழியரின் பெயருக்கு நேரே –6,141 என்று அச்சாகிறது. அவருக்கு அலுவலகம் ஊதியம் தரவேண்டியிருக்க, அவர்தாம் அலுவலகத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் தரவேண்டும் என்கிறது கணிப்பொறி!

அலுவலகம் கற்பனையே, ஆனால் அந்த எண் கற்பனை அன்று. குறிப்பிட்ட இரண்டு வகைக் கணிப்பொறிகளுக்கு இடையே 1,000 என்ற எண்ணைக் கொண்டுசென்றால் மிகச் சரியாக –6,141தான் வரும். ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் நீங்களே தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். அதற்கு முன், நிரல்கள் ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிக் குடிபெயர்கின்றன என்பதை அறிந்துகொள்வோம்.

பொறிக்கொரு மொழி

எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே மொழியைத்தான் புரிந்துகொள்கின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி இல்லை. ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் தனியான பொறிமொழி உண்டு. 'இந்த இரண்டு எண்களையும் கூட்டு' என்ற ஆணைக்கு ஒரு பொறியில் ஒரு குறியெண், வேறொரு பொறியில் வேறொரு குறியெண். உங்கள் கைப்பேசியில் உள்ள ஆர்ம் வகைச் செயலிக்கும், மேசைமேல் உள்ள கணிப்பொறியின் இன்டெல் வகைச் செயலிக்கும்கூட இன்றும் இதே நிலைதான். ஒன்றுக்காக ஆக்கப்பட்ட பொறிமொழி நிரல் மற்றொன்றுக்கு வெறும் பிதற்றல்.

கணிப்பொறிகளின் தொடக்க காலத்தில் முக்கியமான நிரல்கள் பொறிமொழியிலோ, அதற்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியிலோதான் எழுதப்பட்டன. வேகம் வேண்டும், நினைவகம் குறைவு என்பவை காரணங்கள். இதனால் என்ன ஆயிற்று? பொறி பழசானால் நிரலும் அதோடு செத்தது. இன்னொரு நிறுவனத்தின் பொறி மலிவாகவும் வேகமாகவும் கிடைத்தாலும், நிரல்களையெல்லாம் திரும்ப எழுதும் செலவை நினைத்துப் பழைய நிறுவனத்திடமே மீண்டும் போய் நின்றவர்கள் பலர். இதை அறிந்தே 1964-இல் ஐபிஎம் நிறுவனம் தன் 360 வரிசைக் கணிப்பொறிகளை அறிவித்தபோது, அவற்றுள் சிலவற்றைத் தன் பழைய 1401 பொறியைப் போலவே நடிக்கும்படியும் செய்து கொடுத்தது. வாடிக்கையாளர்களின் பழைய நிரல்கள் புதுப்பொறியில் அப்படியே ஓடின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடிக்கும் பொறி பழைய பொறியின் குறைகளையும் சேர்த்தே நடிக்கும்.

நேரான வழி வேறு. நிரலை மனிதர்க்கு விளங்கும் ஓர் உயர்மட்ட மொழியில் எழுதிவிட்டு, அதைப் பொறிமொழியாக மாற்றும் வேலையை இன்னொரு நிரலிடம் விட்டுவிடுவது. இந்த மாற்றும் நிரலுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு கம்பைலர் இருந்துவிட்டால் மற்ற நிரல்கள் எங்கும் போய்க் குடியேறலாம் அல்லவா?

இவ்வழியில் மிகுந்த புகழ்பெற்றது சி மொழி. அதன் பிறப்பே ஒரு வீடுமாற்றத்தால் நேர்ந்தது எனலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன் 1969-இல் யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பைப் பிடிபி-7 என்ற சிறிய பொறியில் தொடங்கினார். அதன் நினைவகம் 18 பிட் கொண்ட சொற்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அங்கே பயன்பட்ட பி என்ற மொழிக்கு 'சொல்' என்ற ஒரே வகைப் பண்டம்தான் தெரியும். பின்னர் வந்த பிடிபி-11 பொறியோ 16 பிட் பொறி. அதோடு 8 பிட் கொண்ட ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே எடுக்க வல்லது. பி மொழி அங்கே பொருந்தவில்லை. 'இது எழுத்து, இது எண்' என்று வகை பிரித்துச் சொல்லும் வசதியை டென்னிஸ் ரிட்சி சேர்த்தார். அப்படி வளர்ந்ததே சி. 1973-இல் யூனிக்ஸின் பெரும்பகுதி சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது.

கையேடு தன்னையே பெயர்த்துக்கொண்ட கதை

இங்கே ஓர் ஐயம் உங்களுக்கு எழவேண்டும். கம்பைலரும் ஒரு நிரல்தான். சி கம்பைலரே சி மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. புதிய பொறியில் அதை ஓட்ட வேண்டுமானால் முதலில் அதைப் பொறிமொழியாக மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு அங்கே கம்பைலர் வேண்டும். கம்பைலரோ இன்னும் அங்கே வரவில்லை. பூட்டிய பெட்டிக்குள் சாவி இருப்பது போன்ற நிலை.

இதை அவிழ்க்கும் முறை மிக அழகானது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

மதுரையில் ஓர் எழுத்தர் இருக்கிறார். தமிழ் மட்டுமே படிப்பார். நெல்லூரில் இன்னோர் எழுத்தர். தெலுங்கு மட்டுமே படிப்பார். இருவரும் சொந்தமாகச் சிந்திப்பதில்லை; கையேட்டில் கண்டபடி அச்சுப் பிசகாமல் செய்வார்கள். தமிழ் நூல்களைத் தெலுங்காக்கும் பணியை நெல்லூரில் நடத்த வேண்டும். அதற்கான விதிகள் அடங்கிய கையேடு ஒன்று நம்மிடம் உள்ளது. ஆனால் அது தமிழில் இருக்கிறது! நெல்லூர்க்காரர் அதைத் திறந்தும் பார்க்க முடியாது.

என்ன செய்யலாம்? கையேட்டை மதுரைக்காரரிடம் கொடுக்கலாம். அவர் அதைப் படித்து, எந்தத் தமிழ் நூலையும் விதிப்படி தெலுங்காக்கித் தருவார். முதல் வேலையாக எந்த நூலைக் கொடுப்பது? அந்தக் கையேட்டையே! அதுவும் ஒரு தமிழ் நூல்தானே. அவர் கையேட்டைக் கையேட்டின் விதிகளாலேயே தெலுங்காக்கி, நெல்லூருக்குத் தபாலில் அனுப்புகிறார். அன்றுமுதல் நெல்லூர்க்காரருக்கு மதுரையின் தயவு தேவையில்லை.

கம்பைலரும் இப்படித்தான் குடிபெயர்கிறது. பழைய பொறியில் ஏற்கெனவே ஒரு கம்பைலர் இருப்பதால் அதற்குச் சி மொழி 'படிக்க' வரும். கம்பைலரின் மூல நிரலில், பொறிமொழியை வெளியிடும் பகுதியை மட்டும் புதிய பொறிக்கு ஏற்பத் திருத்தி எழுதுகிறார்கள். திருத்திய மூலத்தைப் பழைய கம்பைலரிடம் கொடுத்தால், பழைய பொறியில் ஓடிக்கொண்டே புதிய பொறிக்கான ஆணைகளை வெளியிடும் ஓர் இடைக்காலக் கம்பைலர் கிடைக்கும். அதனிடம் அதே திருத்திய மூலத்தை மீண்டும் கொடுக்கிறார்கள். இப்போது வெளிவருவது புதிய பொறியிலேயே ஓடக்கூடிய கம்பைலர். நாடாவில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

பெயர்ப்பு சரியாக வந்ததா என்று சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. நெல்லூர்க்காரரிடம் அந்தத் தமிழ்க் கையேட்டை எழுத்துருவமாகக் கொடுத்து, 'இதைத் தெலுங்காக்குங்கள்' என்று சொல்ல வேண்டும். அவர் ஆக்கித் தருவதும், மதுரையிலிருந்து வந்த தெலுங்குக் கையேடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் எங்கோ பிழை. பல கணிப்பொறிகளில் இன்று வழங்கும் ஜிசிசி என்ற கம்பைலரை உருவாக்கும்போது, அது தன்னைத்தானே அடுத்தடுத்து மாற்றிக்கொண்டு, கடைசி இரண்டு தலைமுறைகளும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆயினும் இச்சோதனையில் தேறிவிட்டால் குற்றமே இராது என்று எண்ணிவிட வேண்டாம். மூல நிரலில் தடயமே இல்லாத ஒரு சூழ்ச்சியைக் கம்பைலர் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள் கடத்திக்கொண்டு போக முடியும் என்பதைத் தாம்ப்சன் 1984-இல் வெளியான தம் டூரிங் பரிசு உரையில் காட்டினார். அது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

சூரிச் நகரில் நிக்லாஸ் விர்த் குழுவினர் வேறொரு வழியைக் கண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய பாஸ்கல் கம்பைலர், உலகில் எங்கும் இல்லாத ஓர் எளிய கற்பனைப் பொறிக்கான ஆணைகளை வெளியிட்டது. அந்தக் கற்பனைப் பொறியைப் போல நடிக்கும் ஒரு சிறு நிரலை மட்டும் உங்கள் பொறியில் எழுதிக்கொண்டால் போதும். கம்பைலர் முழுவதும் அதன்மேல் ஓடும். 1970-களில் இது பல நாடுகளுக்குப் பரவியது. அந்தக் கம்பைலரை ஆக்கியவர்களுள் கேசவ் நோரி என்ற இந்தியரும் ஒருவர். வேகம் குறைவு என்பதே இம்முறையின் குறை. ஆனால் புதுவீட்டில் ஒரே நாளில் அடுப்பு மூட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

1977: வேண்டுமென்றே வேறுபட்ட பொறி

யூனிக்ஸும் சி மொழியும் உண்மையிலேயே எந்தப் பொறிக்கும் போகக்கூடியவைதாமா? இதைச் சோதிக்க 1977-இல் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் இன்டர்டேட்டா 8/32 என்ற பொறியைத் தேர்ந்தெடுத்தனர். ஏன் அதை? பிடிபி-11-இலிருந்து அது பலவகையிலும் வேறுபட்டது என்பதற்காகவே! ஏறத்தாழ அதே காலத்தில், அவர்களைச் சாராமல், ஆஸ்திரேலியாவின் வுல்லன்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் அதே குடும்பத்தைச் சேர்ந்த 7/32 பொறிக்கு யூனிக்ஸைக் கொண்டுசென்றார்.

இதற்கென ஜான்சன் புதிதாக ஒரு கம்பைலர் எழுதினார். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு எந்தப் பொறிக்கும் பொது. எஞ்சிய கால் பங்கை மட்டும் பொறிக்குப் பொறி மாற்றி எழுதினால் போதும். ஆகவே கம்பைலர் குடிபெயர்ந்துவிட்டது. பிறகுதான் உண்மையான தொல்லைகள் தொடங்கின.

சி மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், நிரல்களை எழுதியவர்கள் பிடிபி-11-இல் பல ஆண்டுகள் பழகியவர்கள். அந்தப் பொறியின் இயல்புகளை உலக இயல்புகளாகவே எண்ணி எழுதிவிட்டார்கள். ஊரைவிட்டுப் போகாதவன் தன் ஊர்ப் படியையே உலகப் படியென்று நினைப்பது போல.

ஒன்றைப் பாருங்கள். ஒரு கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும் நிரலுக்கு, கோப்பு முடிந்ததும் –1 என்ற எண் அறிகுறியாகத் தரப்படும். பலர் இதை ஒரே பைட் கொண்ட எழுத்துப் பெட்டியில் வாங்கி வைத்தார்கள். அங்கே அது எட்டு ஒன்றுகளாக, அதாவது 11111111 என்று உட்கார்ந்திருக்கும். பிடிபி-11 அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அதைக் குறியுள்ள எண்ணாகக் கருதி, '–1' என்று சொல்லும். இன்டர்டேட்டாவோ குறியற்ற எண்ணாகக் கருதி, '255' என்று சொல்லும். '–1 வந்தால் நிறுத்து' என்று காத்திருந்த நிரல், வராத விருந்தாளிக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்கும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அங்கே சரி, இங்கே பிழை.

எண்களின் அளவும் அப்படியே. கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூலில் நான்கு பொறிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை உண்டு. சாதாரண முழு எண்ணுக்குப் பிடிபி-11-இல் 16 பிட், இன்டர்டேட்டாவில் 32 பிட், ஹனிவெல் 6000-இல் 36 பிட். ஹனிவெல்லில் ஓர் எழுத்துக்கே 9 பிட்! 32,767-ஐத் தாண்டினால் எண் சுழன்று எதிர்மறையாகும் என்று நம்பி எழுதிய நிரல் வேறு பொறியில் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய மறைவான நம்பிக்கைகளை மோப்பம் பிடிப்பதற்காகவே ஜான்சன் லின்ட் என்ற நிரலை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சு நூலுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. கம்பைலர் ஏற்றுக்கொள்ளும் நிரலையும் லின்ட் உதறிப் பார்த்து, 'இது இன்னொரு பொறியில் வேறுவிதமாக நடக்கலாம்' என்று எச்சரிக்கும்.

எந்தப் பைட் முதலில்?

இனி அந்த –6,141-க்கு வருவோம்.

5-8-1983 என்று எழுதினால் நாம் ஆகஸ்டு 5 என்று படிப்போம். அமெரிக்கர் மே 8 என்று படிப்பார். எழுதப்பட்டது ஒன்றே; வரிசை பற்றிய வழக்கம் வேறு. கணிப்பொறிகளிலும் இதே தகராறு உண்டு.

16 பிட் எண் இரண்டு பைட்டுகளில் வைக்கப்படும். 1,000 என்பதை 256-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 232. ஆகவே பெரிய பைட் 3, சிறிய பைட் 232. பிடிபி-11 சிறியதை முதலில் வைக்கும். அதன் நாடாவில் 232, 3 என்று பதிவாகும். இன்டர்டேட்டாவும் ஐபிஎம் பொறிகளும் பெரியதை முதலில் எதிர்பார்ப்பவை. அவை இதை 232 × 256 + 3 என்று படிக்கும். பெருக்கிக் கூட்டினால் 59,395. ஆனால் குறியுள்ள 16 பிட் எண்ணில் 32,767-க்கு மேற்பட்டவையெல்லாம் எதிர்மறை எண்களைக் குறிக்கும்; 65,536-ஐக் கழித்தால் உண்மை மதிப்பு தெரியும். 59,395 – 65,536 = –6,141. நம் ஊழியரின் 'ஊதியம்'!

'இவ்வளவுதானே? நாடா முழுவதிலும் இரண்டிரண்டு பைட்டாக இடம் மாற்றிவிட்டால் போயிற்று' என்று நீங்கள் சொல்லலாம். அப்படிச் செய்தவர்களும் உண்டு. எண்கள் சரியாகிவிடும். ஆனால் எழுத்துகள் ஒவ்வொரு பைட்டாக எழுதப்பட்டவை. அவை சரியான வரிசையில்தான் இருந்தன. இப்போது அவை கெட்டுப்போகும். யு, என், ஐ, எக்ஸ் என்ற நான்கு எழுத்துகளில் அமைந்த யூனிக்ஸ் என்ற பெயர், என், யு, எக்ஸ், ஐ என்று புரண்டு 'நக்ஸி' என அச்சான கதையைக் கணிப்பொறித் துறையினர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். இத்தொல்லைக்கே நக்ஸிச் சிக்கல் என்று பெயர் வந்துவிட்டது. எந்த முனையை முதலில் வைப்பது என்ற சண்டையைப் பார்த்த டேனி கோஹன் என்பவர், 1980-இல் எழுதிய கட்டுரையில் இரு கட்சியினருக்கும் பெயர் வைத்தார். கல்லிவரின் பயணங்கள் என்ற நூலில் முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று போரிட்டுக்கொள்ளும் குள்ளர்களிடமிருந்து 'பெருமுனையர்', 'சிறுமுனையர்' என்ற பெயர்களை எடுத்தார். அப்பெயர்களே நிலைத்துவிட்டன.

இதில் சிரிப்புக்கு அப்பால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாடாவில் உள்ள 232, 3 என்ற பைட்டுகள் ஓர் எண்ணா, இரண்டு எழுத்துகளா என்று நாடாவுக்குத் தெரியாது. புதிய பொறிக்கும் தெரியாது. அவற்றை எழுதிய நிரலுக்குத்தான் தெரியும்.

தகவல் தளம் வீடு மாறுகிறது

நிரல் மட்டும் குடிபெயர்ந்தால் இத்தொல்லைகள் எழுதியவர்களோடு போகும். பொதுமக்களைத் தொடுவது தகவல் தளம் குடிபெயரும்போதுதான். ஊதியம், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, நிலப்பதிவு ஆகிய எல்லாவற்றையும் வட்டுகளில் அடுக்கி வைத்து, கேட்டதைத் தேடித் தரும் நிரல் தொகுதியே தகவல் தள அமைப்பு. அதற்கு இரண்டு உடம்பு. நிரல் ஓர் உடம்பு. பல ஆண்டுகளாக வட்டில் சேர்ந்த பதிவுகள் மற்றோர் உடம்பு.

நிரல் உடம்பின் கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1973-இல் இங்க்ரெஸ் என்ற தகவல் தளத்தைத் தொடங்கினர். சி மொழியில், யூனிக்ஸின்மேல், பிடிபி-11-இல் எழுதினார்கள். அந்தப் பொறியில் ஒரு நிரலுக்கு 64 கிலோபைட்டுக்கு மேல் இடம் கிடையாது. ஆகவே இங்க்ரெஸை நான்கு துண்டுகளாக அறுத்து, ஒன்று மற்றொன்றுக்குக் குழாய் வழியே செய்தி அனுப்புமாறு அமைத்தார்கள். பின்னர் வாக்ஸ் என்ற 32 பிட் பொறி வந்தபோது அந்த நெருக்கடியே இல்லாமற்போயிற்று. பழைய வீட்டின் சிறிய அறைகளுக்காக அறுத்த கட்டில் அது.

ஆரக்கிளின் வழி வேறு. 1979-இல் விற்பனைக்கு வந்த அதன் இரண்டாம் பதிப்பு பிடிபி-11-இன் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. வாக்ஸ் பொறியில் அது ஓடியது, வாக்ஸ் பிடிபி-11 போல நடிக்கும் முறையில்தான். ஒவ்வொரு பொறிக்கும் இப்படி நடிகர்களைத் தேட முடியாது என்று கண்ட நிறுவனத்தார், 1983-இல் வந்த மூன்றாம் பதிப்பைச் சி மொழியில் முழுவதும் திரும்ப எழுதினார்கள். அதன்பின் பெரும்பொறி, நடுத்தரப்பொறி, தனியாள் கணிப்பொறி என எல்லாவற்றிலும் அது குடியேறியது. என் கருத்தில், அந்நிறுவனம் பிழைத்து வளர்ந்ததற்கு வேறெந்தத் திறமையையும்விட இந்த முடிவே பெரிய காரணம்.

இனி இரண்டாம் உடம்பு. வட்டில் உள்ள பதிவுகளை அப்படியே நகலெடுத்துப் புதிய பொறிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? பைட் வரிசைத் தொல்லையை முன்னமே கண்டோம். பதிவில் ஓர் எழுத்துக்கு அடுத்து ஓர் எண் இருந்தால், சில பொறிகள் அந்த எண்ணை 4-இன் மடங்கான இடத்தில்தான் வைக்கும்; இடையில் வெற்றிடம் விடும். பிடிபி-11-க்கு இரட்டைப்படை இடம் என்றால் போதும். ஆகவே பதிவின் நீளமே மாறிவிடுகிறது.

இவையெல்லாம் உடனே கண்ணில் படும் பிழைகள். ஊதியம் –6,141 என்று அச்சானால் யாராவது கூச்சல் போடுவார்கள். கூச்சலே எழாத பிழை ஒன்று உண்டு. அதைத்தான் அஞ்ச வேண்டும்.

தகவல் தளம் இலட்சக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. இன்டெக்ஸ் எனப்படும் தேடுபட்டியல் ஒன்றை வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறது. அகராதியில் சொல் தேடுவது போல, நடுவில் திறந்து, வேண்டியது இதற்கு முன்னா பின்னா என்று பார்த்து, ஒரு பாதியை ஒதுக்கிவிட்டு மறுபாதியில் மட்டும் தேடும். வரிசை ஒழுங்காக இருந்தால்தான் இது பலிக்கும்.

எழுத்துகளுக்கு எந்த வரிசை? பெரும்பாலான பொறிகள் வழங்கும் ஆஸ்கி குறியீட்டில் எண்ணிலக்கங்கள் முன்னே, ஆங்கில எழுத்துகள் பின்னே. ஐபிஎம் பெரும்பொறிகளின் எப்சிடிக் குறியீட்டில் எழுத்துகள் முன்னே, எண்ணிலக்கங்கள் பின்னே! இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்கியில் ஏ முதல் இசட் வரை 65 முதல் 90 வரை இடைவெளியின்றி இருக்கும். எப்சிடிக்கில் 193 முதல் 233 வரை, நடுவே இரண்டு இடங்களில் ஓட்டை.

ஒருவரது ஓய்வூதியக் கணக்கின் எண் '9பி' என்று வைத்துக்கொள்வோம். எப்சிடிக் வரிசையில் அடுக்கிய தேடுபட்டியலில் அது கடைசிப் பக்கம் இருக்கும். எழுத்துகளை ஆஸ்கிக்கு மாற்றிவிட்டு, தேடுபட்டியலின் அடுக்கை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். புதிய பொறி நடுவில் திறக்கிறது. அங்கே 'எம்5' இருக்கிறது. '9பி என்பது எம்5-க்கு முந்தியதாயிற்றே' என்று முன்பாதியில் போய்த் தேடுகிறது. கிடைக்கவில்லை. 'அப்படி ஒரு கணக்கு இல்லை' என்று சாந்தமாகப் பதில் சொல்கிறது. பணம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, ஒரு பைட்டும் கெடவில்லை. ஆனால் அந்த மனிதர் இல்லை! அதைவிட மோசம், 'இல்லை' என்று நம்பி அதே எண்ணில் இன்னொருவருக்குக் கணக்குத் திறந்துவிடும்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். இங்க்ரெஸின் வழித்தோன்றலான போஸ்ட்கிரஸ் தகவல் தளம் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலைக்கு அது லினக்ஸின் ஒரு பொது நிரல் தொகுப்பையும் நம்பியிருந்தது. ஜிலிப்சி என்ற அத்தொகுப்பின் 2.28-ஆம் பதிப்பு 2018-இல் வந்தபோது வரிசை விதிகள் மாறின. பழைய அடுக்கில் அமைந்த தேடுபட்டியல்களோடு புதிய லினக்ஸுக்கு மாறியவர்களிடம், இருக்கும் பதிவுகள் காணாமற்போயின. ஒன்றே இருக்க வேண்டிய பதிவுகள் இரண்டாயின. பொறி மாறவில்லை, நிரல் மாறவில்லை, அகரவரிசை மட்டுமே மாறியது.

தமிழர்க்கும் இதில் பங்கு உண்டு. யூனிகோடு குறியீட்டில் தமிழ் மெய்கள் ர, ற, ல, ள, ழ, வ என்ற வரிசையில் எண்ணிடப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கோ ர, ல, வ, ழ, ள, ற, ன என்று செல்வது. வெறும் குறியெண்ணை நம்பி அடுக்கும் தகவல் தளத்தில் கற்பகம் முன்னே வருவார். கவிதா பின்னே போவார். அகராதி முறையில் அடுக்கும் தளத்தில் கவிதாதான் முதல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தேடுபட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் இருவரில் ஒருவர் தொலைவது உறுதி.

எழுதி எடுத்துச் செல்வது

அப்படியானால் தகவல் தளத்தைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி? பைட்டுகளின் பொருள் அவற்றை எழுதிய நிரலுக்கே தெரியும் என்று கண்டோம் அல்லவா? அந்த நிரலையே கேட்டுக்கொள்வதுதான் வழி. பழைய பொறி உயிரோடு இருக்கும்போதே, பழைய தகவல் தளத்திடம், 'உன்னிடம் உள்ள எல்லாவற்றையும் எழுத்தில் எழுதிக் கொடு' என்று சொல்ல வேண்டும். 1,000 என்ற எண் 232, 3 என்று வெளிவராது; ஒன்று, சுழி, சுழி, சுழி என்ற நான்கு எழுத்துகளாக வெளிவரும். எழுத்துக் குறியீட்டை மாற்றுவது எளிது. புதிய தகவல் தளம் அதைப் படித்துத் தன் வழக்கப்படி வட்டில் எழுதிக்கொள்ளும். தேடுபட்டியலைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே புதிதாக அடுக்கிக்கொள்ள வேண்டும். பெட்டி படுக்கையைத் தூக்கிப் போகலாம். சுவரில் பதித்த அலமாரியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

நேரம் பிடிக்கும் வேலைதான். பெரிய நிறுவனங்களில் நாள்கணக்கில் ஓடும். முடிந்தபின் இருபுறமும் பதிவுகளை எண்ணிப் பார்த்து, தொகைகளைக் கூட்டிப் பார்த்து ஒப்பிட வேண்டும். அதுவரை பழைய பொறியை விற்றுவிடக் கூடாது. போஸ்ட்கிரஸை ஒருவகைச் செயலியிலிருந்து வேறுவகைச் செயலிக்குக் கொண்டுசெல்ல இன்றும் முக்கியமான வழி இதுவே.

தொடக்கத்திலேயே முன்யோசனையோடு வேறு வழி செய்தவர்களும் உண்டு. எஸ்க்யூலைட் என்ற சிறிய தகவல் தளம் உங்கள் கைப்பேசியில் பல இடங்களில் இருக்கிறது. அதன் கோப்பில் எண்கள் எப்போதும் பெரிய பைட்டை முதலில் வைத்தே எழுதப்பட வேண்டும் என்று, 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு அமைப்பில் திட்டவட்டமாக வரையறுத்திருக்கிறார்கள். எந்தப் பொறி எழுதினாலும் சரி, எந்தப் பொறி படித்தாலும் சரி. இன்று நம் கைப்பேசிகளும் மேசைக் கணிப்பொறிகளும் ஏறத்தாழ எல்லாமே சிறிய பைட்டை முதலில் வைப்பவை. ஆகவே உங்கள் கைப்பேசி எஸ்க்யூலைட் கோப்பிலிருந்து ஓர் எண்ணை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பைட்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. எழுதும்போது மறுபடியும் திருப்புகிறது. அதே கோப்பை எடுத்துக்கொண்டுபோய் எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும் 1,000 என்பது 1,000 ஆகவே வரும்.